பாடம் பிடிக்கவில்லை: பழுது எங்கே என்று பார்க்கும் முறை

என் சித்தப்பா மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் மெக்கானிக். குறுவைக் காலத்தில் அவரைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஊரே மோட்டாரைத் தட்டி எழுப்பும். பாதி மோட்டார் எழுந்திருக்காது. "மோட்டார் ரிப்பேர், உடனே வாருங்கள்" என்று போனில் சொன்னால் சித்தப்பா இடத்தை விட்டு அசைய மாட்டார். "ரிப்பேர் என்றால்? உறுமுகிறதா? சுற்றுகிறதா? சுற்றியும் தண்ணீர் வரவில்லையா?" என்று கேட்பார். பதிலைப் பொறுத்துத்தான் பையில் என்ன சாமான் போகும் என்பது.

நான் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவன். கேட்டது பொருளாதாரம். தரவரிசையில் என் முறை வந்தபோது அங்கே இடம் தீர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகள், தினமும் மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ். இப்போது வங்கியில் வேலை. செமஸ்டர் நெருங்கினால் எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் சிலர் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "அண்ணா, இந்தப் பாடத்தில் ஆர்வமே இல்லை" என்பார்கள். அது "மோட்டார் ரிப்பேர்" என்பதைப் போன்ற பேச்சு. அதை வைத்துக்கொண்டு எந்த ஸ்பானரை எடுப்பது? ஆகவே நானும் சித்தப்பாவைப் போல அறிகுறி கேட்கத் தொடங்கினேன். கேட்டுப் பார்த்ததில், ஆர்வமின்மை என்று வந்த புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு எங்கோ இருந்தது.

முதலில் பியூஸ்

சித்தப்பா மோட்டாரைத் தொடுவதற்கு முன் பியூஸைப் பார்ப்பார். கட்டணம் வாங்க வெட்கப்படும் அளவுக்குச் சின்ன வேலை, ஆனால் பல நேரம் பழுது அங்கேதான்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு நிகழ்தகவுப் பாடத்தின் மேல் அப்படி ஒரு வெறுப்பு. வகுப்பு பிற்பகல் இரண்டு மணிக்கு. காலை ஆறரை பஸ்ஸைப் பிடிக்க, சாப்பிடாமலே ஓடுவேன். மதியம் டிபன் பாக்ஸில் இருக்கும் புளிச்சோறு முழுவதும் உள்ளே போகும். இரண்டு மணிக்குக் கண்ணிமை தானாக மூடிக்கொள்ளும். அடுத்த பருவத்தில் அதே ஆசிரியர், அதே பாடத்தின் தொடர்ச்சி, காலை முதல் வகுப்பாக வந்தது. வெறுப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஒரு பருவம் முழுக்க நான் நிகழ்தகவைத் திட்டியிருக்கிறேன். திட்டியிருக்க வேண்டியது புளிச்சோற்றை.

இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்கிறீர்கள், காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், பிடிக்காத வகுப்பு எந்த நேரத்தில் வருகிறது. இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் கீழே படிக்க வேண்டாம்.

அறிகுறி: உறுமுகிறது, சுற்றவில்லை

புத்தகத்தைத் திறந்து உட்காருகிறீர்கள். ஒரு மணி நேரம் கழித்தும் அதே பக்கம். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்கிறீர்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் இப்படித்தான் உறுமும். முயற்சிக்குக் குறைவில்லை, மூன்றில் ஒரு கம்பி வரவில்லை. அப்படியே விட்டால் சூடேறி உள்ளே இருக்கும் காயில், அதாவது கம்பிச் சுருள், கருகும். படிப்பில் அந்த வராத கம்பி பெரும்பாலும் பின்னால் விட்டுவந்த ஏதோ ஒரு பாடம். தொகையிடல் தெரியாமல் அடர்த்திச் சார்பு புரியாது. பேரேடு தெரியாமல் நிறுவனக் கணக்கியல் புரியாது.

வழி இதுதான்: புரியாத பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒவ்வொரு பக்கமாக, "இதை நான் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று கேட்டபடியே. முடியும் என்ற இடம் வந்ததும் நில்லுங்கள். அதற்கு அடுத்த பக்கத்தில்தான் கம்பி அறுந்திருக்கிறது. சில நேரம் அது பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் போய் நிற்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் 11, 12-ஆம் வகுப்பு நூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் பட்டப்படிப்பின் முதல் ஆண்டை அந்தப் புத்தகங்களோடுதான் ஓட்டினேன்.

இன்னொரு ஃபேஸ், ஆங்கிலம். பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காரும் பிள்ளைக்குப் பாடம் பிடிக்கவில்லையா, வாக்கியம் பிடிபடவில்லையா என்று அவனுக்கே தெரியாது. சோதிக்க ஒரு வழி உண்டு. அதே கருத்தைத் தமிழில் யாரிடமாவது கேளுங்கள். "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றினால் பாடத்தின் மேல் குற்றமில்லை. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதன் பொருளை உங்கள் பேச்சுத் தமிழில். ஒரு பாடத்துக்கு நூறு சொல் போதும். அதற்கு மேல் ஆசிரியர்களே புதுச் சொல் பயன்படுத்துவதில்லை.

யாரிடம் கேட்பது என்பதற்குக் கும்பகோணத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1880-இல் அங்கே கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டதனால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். அதுவரை சைவ மடத்தில் எத்தனையோ நூல்களைக் கரைத்துக் குடித்தவருக்கு இந்த ஒன்று பிடிகொடுக்கவில்லை, ஏனென்றால் அது சமண நூல். அவர் என்ன செய்தார்? கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் போனார். தமக்குப் புதிராக இருந்தது அவர்களுக்கு அன்றாட வழக்கமாக இருப்பதைக் கண்டார். 1887-இல் பதிப்பு வந்தது. உங்கள் தாள் வணிகவியல் என்றால், பெரிய கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் எங்காவது இருப்பார். பத்து நிமிடம் கேளுங்கள்.

அறிகுறி: சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை

இவர்கள் உழைப்பாளிகள். மூன்று நிறத்தில் கோடு போட்டு, நான்கு முறை படித்திருப்பார்கள். தேர்வு அறையில் ஒன்றும் வராது. "எவ்வளவு படித்தாலும் ஏறவில்லை, எனக்கு இது ஒத்துவராது" என்பார்கள்.

உறிஞ்சு குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மோட்டார் வெறுமனே காற்றைச் சுற்றுகிறது. திரும்பத் திரும்ப வாசிப்பது அப்படிப்பட்ட சுற்றல். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பத்தியை மறுபடியும் வாசித்தார்கள். மற்றவர்கள் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. ஏமாற்றம் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. படித்து முடித்ததும் எல்லாம் வந்துவிட்டது போலவே இருக்கும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும், கேட் போட்டால் பஸ் இன்ஜினையே அணைத்துவிடுவார் ஓட்டுநர். ரயில் வரும், இன்ஜினைக் கழற்றி மாட்டுவார்கள், மறுபடி போகும். சுண்டல் விற்கிறவர் ஜன்னல் ஜன்னலாக வந்து திரும்புவார். பையிலிருந்து புத்தகத்தை எடுக்க இடம் இருக்காது. ஒரு சின்ன நோட்டு மட்டும் சட்டைப் பையில். அன்று வகுப்பில் நடந்ததை அதில் நினைவிலிருந்து எழுதுவேன். முதல் நாள் நான்கு வரி வந்தது, அதில் ஒன்று தேதி. கேட் திறக்கும்வரை எழுதுவது, வராத இடத்தில் கேள்விக்குறி போடுவது, வீட்டுக்குப் போய் அந்தக் கேள்விக்குறிகளை மட்டும் பார்ப்பது. வேறு எதுவும் செய்யவில்லை. அந்தப் பருவத்தில்தான் முதன்முதலாக எழுபதைத் தாண்டினேன். கேட்டைச் சபிக்காத ஒரே பயணி நானாகத்தான் இருந்திருப்பேன்.

அறிகுறி: இரண்டு நாள் ஓடி டிரிப் ஆகிறது

ஞாயிற்றுக்கிழமை அட்டவணை போட்டு, திங்களும் செவ்வாயும் ஆறு மணி நேரம் படித்து, புதனிலிருந்து தொடவே மாட்டீர்கள். சுமை அதிகம், அவ்வளவுதான்.

தண்ணீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் வைப்பார்கள். சில நாள் காவிரியில், சில நாள் வெண்ணாற்றில், சில நாள் கல்லணைக் கால்வாயில். இருக்கிற தண்ணீரை எல்லா வாய்க்காலிலும் ஒரே நேரத்தில் விட்டால் எதிலும் கடைசிவரை போகாது. ஆர்வம் குறைந்த பாடத்துக்கும் முறை வையுங்கள்: வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், இன்ன நேரம், இன்ன இடம். 40 முடிந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மூடிவிடுங்கள். இன்னொன்று: பிடிக்காத பாடம் எப்போதும் கடைமடை. மற்றதெல்லாம் குடித்தபின் மிச்சம் அங்கே போகும், அதாவது போகாது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் விவசாயம் செய்கிறவர்களைக் கேட்டால் கடைமடை என்றால் என்ன என்று சொல்வார்கள். ஆகவே அன்றைய முதல் முறையை அதற்கே கொடுங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, "ஆனால் இது எதற்கு?"

இதுதான் உண்மையான ஆர்வமின்மை. புரிகிறது, நினைவில் நிற்கிறது, மனம் ஒட்டவில்லை. மோட்டார் நன்றாக இருக்கிறது, குழாய் எந்த வயலுக்கும் போகவில்லை.

"இது பிற்காலத்தில் பயன்படும்" என்று ஆசிரியர் சொல்வதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம். 2009-இல் ஹல்லிமன், ஹராக்கிவிச் என்ற இருவர் அமெரிக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளில் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தின் சுருக்கத்தை எழுதினார்கள். மற்றவர்கள் அந்தப் பாடம் தங்கள் வாழ்க்கையோடு எங்கே தொடுகிறது என்பதைத் தாங்களே எழுதினார்கள். "நமக்கு இது வராது" என்று நினைத்திருந்தவர்களில், தாங்களே எழுதியவர்களுக்கு ஆர்வமும் கூடியது, மதிப்பெண்ணும் கூடியது. முன்பே தன்னம்பிக்கையோடு இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து, நோயாளிக்குத்தான் வேலை செய்திருக்கிறது.

என் கதையில் அந்த இடம் நெல் கொள்முதல் நிலையம். தை மாதம், சம்பா அறுவடை. களத்தில் அப்பாவின் நெல் சிப்பங்களாக அடுக்கியிருந்தது, ஒவ்வொன்றும் 40 கிலோ. நான் விடுமுறை நாள் என்று கூடப் போயிருந்தேன். குத்தூசியை ஒரு சிப்பத்தில் செருகி உருவினார்கள். உள்ளங்கை நிறைய நெல். ஈரப்பதக் கருவியில் போட்டார்கள்: 15.8. இன்னொரு சிப்பம்: 16.9. மூன்றாவது: 18.6. வரம்பு 17 விழுக்காடு. அப்பா என்னைப் பார்த்து, "ஏன்டா, எந்த மூட்டையில் குத்துகிறார்கள் என்பதிலா இருக்கிறது என் நெல்லின் தலையெழுத்து?" என்றார்.

அது கூறெடுப்புக் கோட்பாடு: சில மூட்டையைக் குத்திப் பார்த்து மொத்த நெல்லைப் பற்றிச் சொல்வது. அந்தப் பருவத்தில் நான் வெறுத்துக்கொண்டிருந்த தாள். வீட்டுக்கு வந்து எழுதினேன். மூன்றின் சராசரி 17.1. வரம்புக்கு மேல் 0.1. மூட்டைக்கு மூட்டை எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் 1.41. அதை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.8. சராசரியே 0.8 இப்படியும் அப்படியும் ஆடுகிறபோது, அந்த 0.1-ஐ வைத்து மொத்த நெல்லும் ஈரமா உலர்ந்ததா என்று ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் பத்து மூட்டையில் குத்தினால் ஆட்டம் அடங்கும். எத்தனை மூட்டை குத்தினால் எவ்வளவு அடங்கும் என்பதற்குத்தான் புத்தகத்தின் மூன்றாம் அலகு முழுவதும். அப்பாவிடம் விளக்கினேன். "இதையா மூன்று வருடமாகப் படிக்கிறாய்? உருப்படியான படிப்புதான்" என்றார். என் வாழ்க்கையில் அவர் என் படிப்பைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

எல்லா அலகுக்கும் இப்படி ஒரு களம் அமையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் இரண்டுக்கு அமைந்தால் லாபம். இன்று வகுப்பில் நடந்ததில் ஒன்றை எடுத்து, உங்கள் வீட்டு மனிதர் ஒருவர் பெயரைப் போட்டு ஐந்து வரி எழுதிப் பாருங்கள். அத்தையின் தையல் கடை, மாமாவின் மீன் ஏலம், எதுவானாலும்.

அறிகுறி: அரியர் சேர்ந்துவிட்டது

குறுவை தவறினால் சம்பா இருக்கிறது என்பது டெல்டாவில் ஆறுதல் வார்த்தை மட்டும் இல்லை, கணக்கு. ஆனால் ஒரே வயலில் இரண்டையும் ஒன்றாக யாரும் நடுவதில்லை. ஐந்து அரியரையும் ஒரே தேர்வில் எழுதி ஐந்திலும் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அகமதிப்பீட்டு மதிப்பெண் நன்றாக இருக்கும் தாளை முதலில் எடுங்கள். நான் படித்த காலத்தில் அது 25-க்கு, பல்கலைக்கழகத் தேர்வு 75-க்கு. அந்த 75 மூன்று பகுதியாக வரும்: இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, அலகுக்கு ஒன்று, இரண்டில் ஒன்றை எழுதலாம், பத்து மதிப்பெண் வினா ஐந்தில் மூன்று. உங்கள் வினாத்தாளும் இந்த அமைப்பா என்று முதலில் பாருங்கள். இருந்தால், பெரிய வினாவுக்கு மூன்று அலகை மட்டும் ஆழமாகப் படித்து, மற்ற இரண்டைச் சிறுவினா அளவோடு நிறுத்தலாம். முந்தைய ஐந்து ஆண்டு வினாத்தாளை வைத்து எந்த மூன்று என்று முடிவு செய்யுங்கள். இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் உண்டு. பிடிக்காத பாடத்தில் தேறுவதற்குப் பேராசை தேவையில்லை என்பது என் கட்சி.

வருகைப் பதிவை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் 75 விழுக்காடு கேட்பார்கள். வகுப்பு பிடிக்கவில்லை என்று பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்த எண்ணைக் கைபேசியில் எழுதி வைப்பது நல்லது.

அறிகுறி: "படிப்பையே விட்டுவிடலாமா?"

இந்தக் கேள்வியோடு கும்பகோணத்துக்காரர்கள் ஒருவர் தவறாமல் ராமானுஜனை இழுத்து வருவார்கள். அவரும் தேறவில்லையே என்று. உண்மைதான். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார், கணிதம் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் அதை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. (பட்டத்துக்கு முந்தைய அன்றைய தேர்வு) தேறவில்லை. அதன் பின் வந்த ஆண்டுகளை யாரும் சொல்வதில்லை: வேலை தேடி அலைச்சல், வறுமை, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அத்தனைக்கும் நடுவே நோட்டு நோட்டாகக் கணிதம். பிடித்ததில் அவர் நிரப்பிய நோட்டுகளைப் போல உங்களிடம் ஒன்று இருந்தால் கொண்டு வாருங்கள், பேசலாம். இல்லையென்றால் அவரை விட்டுவிடுவோம், பாவம்.

துறை மாற வேண்டுமென்றால் முதல் பருவத்தின் தொடக்கத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் காலி இடம் பற்றிக் கேளுங்கள். நாள் ஆக ஆகக் கதவு மூடும். மாற முடியவில்லை என்றால் பட்டத்தை ஒரு நுழைவுச் சீட்டாகப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, எம்.பி.ஏ. இவற்றுக்கு நீங்கள் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. பொருளாதாரம் கிடைக்காத நான் வங்கிக்குள் நுழைந்தது புள்ளியியல் பட்டத்தை வைத்துத்தான். அரசுப் பள்ளியில் படித்து, புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்குகிறவர்கள், படிப்பை விட்டால் அதுவும் நிற்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் சொல்வது தனி வேலை. "படிக்கப் பிடிக்கவில்லை அப்பா" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். எதற்கு மாறப் போகிறீர்கள், எவ்வளவு செலவு, எத்தனை ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்காருங்கள்.

அறிகுறி: காயில் கருகிய வாடை

அந்த வாடை வந்தால் சித்தப்பா மோட்டாரைப் பிரிக்கவே மாட்டார். "இது வைண்டிங் கடைக்குப் போக வேண்டியது" என்று சொல்லி, தானே வண்டியில் ஏற்றி அனுப்புவார்.

பிடிக்காத பாடம் மட்டும் இல்லாமல் பிடித்ததும் கசந்து போயிருந்தால், கிரிக்கெட், நண்பர்கள், பாட்டு எதுவும் வேண்டாம் என்று ஆகியிருந்தால், வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால், மேலே எழுதிய எதையும் முயலாதீர்கள். 40 நிமிட முறையும் வினாத்தாள் கணக்கும் இதற்கான சாமான் இல்லை. 14416 என்ற எண், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரே போகலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பஸ்ஸில் தினமும் பக்கத்தில் உட்காரும் நண்பனைக் கூட்டிக்கொண்டு போங்கள். போனில் எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "மூன்று வாரமாகத் தூங்கவில்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். மிச்சத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.